வெனீர் போட பல்லை எவ்வளவு ராவ வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பல்லுக்கு செராமிக் வெனீர் போட வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது விலையைப் பற்றி என்று நினைப்பீர்கள். இல்லை, "பல்லை ராவிடுவீங்களா டாக்டர்?" என்பதுதான். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நோயாளிகள் கேட்பவை முதலில் வரும், மருத்துவர்கள் கேட்பவை கடைசிப் பகுதியில். பொதுவான விளக்கம்தான் இது. உங்கள் பல்லுக்கு எது சரி என்பதை வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வெனீர்னா என்ன டாக்டர்? கேப் மாதிரிதானே அதுவும்?

இல்லை. கேப் என்று நாம் சொல்லும் கிரவுன் பல்லை முழுவதுமாக மூடும், அதற்காகப் பல்லை நாலாபக்கமும் வெட்டிச் சிறிதாக்க வேண்டும். வெனீர் பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு. பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மி.மீ. கனம்தான் இருக்கும்.

எடெல்ஹாஃப், சோரன்சன் என்ற இருவர் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் பற்களை எடைபோட்டுப் பார்த்து 2002இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஈறுக்கு வெளியே தெரியும் பல்லில் வெனீருக்காகப் போவது 3 முதல் 30 சதவீதம், முழு கிரவுனுக்காகப் போவது 63 முதல் 72 சதவீதம். வெனீரிலேயே 3க்கும் 30க்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது பாருங்கள். அந்த இடைவெளிதான் இந்தப் பக்கம் முழுக்கப் பேசப்போகும் விஷயம்.

பல்லைத் தொடாமலே வெனீர் ஒட்ட முடியாதா?

சிலருக்கு முடியும். பிறவியிலேயே சின்னதாக, கூம்பு போல இருக்கும் பக்க வெட்டுப்பல், பல்லுக்குப் பல் இடைவெளி, தேய்ந்து குட்டையான பல், உள்பக்கமாகச் சாய்ந்த பல் ஆகியவற்றில் ஏற்கனவே இடம் இருக்கிறது. பீங்கானை மேலே சேர்த்தாலே போதும், பல்லை எடுக்கத் தேவையில்லை.

ஆனால் ஏற்கனவே முன்னால் துருத்தி நிற்கும் பல்லின் மேல் அரை மி.மீ. சேர்த்தால் உதடு தள்ளும், பல் பருமனாகத் தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை ஈறோரத்தில் வரும். அங்கே வெனீர் ஒரு படி போலத் தூக்கிக்கொண்டு நின்றால் பிரஷ் சரியாகப் படாது, அழுக்கு தங்கும், ஈறு வீங்கி ரத்தம் கசியும். "ராவவே மாட்டோம்" என்பதை எல்லோருக்கும் பொருந்தும் வாக்குறுதியாகக் கொடுப்பது சரியில்லை. தேவைக்கு மேல் ராவக்கூடாது என்பதுதான் சரியான வாக்குறுதி.

ராவின எனாமல் கொஞ்ச நாள்ல வளர்ந்துடும்ல?

வளராது. பல்லின் கடினமான மேலுறையான எனாமலை உருவாக்கிய செல்கள் பல் வாய்க்குள் முளைத்து வரும்போதே அழிந்துவிடுகின்றன. கால்சியம் மாத்திரை, பால், விலை உயர்ந்த பேஸ்ட் எதுவும் போன கனத்தைத் திருப்பித் தராது. ஃபுளோரைடு பேஸ்ட் மீதமிருக்கும் எனாமலில் இழந்த தாது உப்பை ஓரளவு திரும்பச் சேர்க்கும், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் எடுத்த எனாமல் எழுபது வயதிலும் இல்லாமல்தான் இருக்கும். எனக்கு இதில் கண்டிப்பு அதிகம் என்று சொல்வார்கள், காரணம் இதுதான்.

சரி, எனாமல் எவ்வளவு கனம் இருக்கும்? அதுல எவ்வளவு எடுப்பீங்க?

மேல் நடுப்பல்லின் முன்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நுனிப்பக்கம் சுமார் 1 மி.மீ. அல்லது சற்று கூடுதலாக இருக்கும். நடுவில் ஏறக்குறைய 0.6 முதல் 1 மி.மீ. ஈறோரத்துக்கு வரும்போது 0.3 முதல் 0.5 மி.மீ.தான். பக்க வெட்டுப்பல்லிலும் கீழ்ப்பற்களிலும் இன்னும் மெல்லிசு. வயதாக ஆக, தேய்மானத்தால் மேலும் குறையும்.

ஆகவே "எல்லா இடத்திலும் அரை மில்லி" என்று ஒரே அளவாக எடுத்தால் ஈறோரத்தில் எனாமல் தீர்ந்து, அதற்கு அடியிலிருக்கும் டென்டின் என்ற மென்மையான அடுக்கு தெரிய ஆரம்பித்துவிடும். ஈறோரத்தில் 0.3, நடுவில் 0.5 என்று இடத்துக்கு இடம் மாறும் அளவுதான் வழக்கம். நிறம் பெரிதாக மாற வேண்டாம் என்றால் அதைவிடவும் குறைவு. இவை உச்ச அளவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எட்டியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எனாமல்லயே நிக்கணும்னு ஏன் இவ்ளோ பிடிவாதம்? இப்பதான் டென்டின்ல ஒட்டற பசையும் வந்துடுச்சே?

வந்திருக்கிறது, நன்றாகவும் ஒட்டுகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1955இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கர், எனாமலில் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவிக் கழுவினால் மேற்பரப்பு சொரசொரப்பாகி அதில் பிசின் கெட்டியாகப் பிடிக்கிறது என்று காட்டினார். இன்றைய ஒட்டும் பல் வைத்தியம் முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. எனாமல் உலர்ந்தது, எடையில் சுமார் 96 சதவீதம் தாது. டென்டினில் நீர் இருக்கிறது, கொலாஜன் இருக்கிறது, நரம்புப் பக்கம் போகும் நுண்குழாய்கள் இருக்கின்றன. அங்கே போட்ட ஒட்டு ஆண்டுகள் போகப் போக வலுவிழக்கும்.

இன்னொன்று, கடிக்கும்போது டென்டின் எனாமலைவிட நான்கு மடங்கு வளைந்துகொடுக்கும். மெல்லிய பீங்கான் நொறுங்கும் தன்மை உள்ளது. கண்ணாடித் தகட்டைக் கருங்கல் மேல் ஒட்டி அழுத்துவதற்கும் மெத்தை மேல் வைத்து அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இஸ்தான்புல்லைச் சேர்ந்த கலிப் குரேலும் உடன் பணியாற்றியவர்களும் 66 பேருக்குப் போட்ட 580 வெனீர்களைப் பின்தொடர்ந்து 2013இல் எழுதினார்கள். வெட்டு எனாமலுக்குள்ளேயே நின்ற வெனீர்களில் 99 சதவீதம் தாக்குப்பிடித்தன. ஓரத்தில் மட்டும் எனாமல் இருந்தவற்றில் 94 சதவீதம். டென்டினுக்குள் போனவை தோற்கும் வாய்ப்பு பத்து மடங்கு. இதற்குப் பிறகும் தேவையில்லாமல் ஆழமாக வெட்ட எனக்கு மனசு வருவதில்லை.

மெழுகுல பல்லு செஞ்சு, வாயில ஒட்டிக் காட்டறாங்களே, அது சும்மா ஆசை காட்டத்தானா?

இல்லவே இல்லை. பல்லை எவ்வளவு குறைவாக ராவலாம் என்பதைத் தீர்மானிப்பதே அதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் பல்லின் அச்சின் மேல், கடைசியில் பல் எப்படி இருக்க வேண்டுமோ அந்த வடிவத்தை லேப்பில் மெழுகால் கட்டுவார்கள், இப்போது கணினியிலும் செய்கிறார்கள். அதற்கு ஒரு சிலிகோன் அச்சு எடுத்து, அதில் பல் நிறப் பிசினை நிரப்பி, ராவாத உங்கள் பல்லின் மேல் அழுத்தினால் சில நிமிடத்தில் புதுப் பல் வடிவம் வாய்க்குள் வந்துவிடும். இதைத்தான் மாக்-அப் என்கிறோம். சிரித்துப் பாருங்கள், பேசிப் பாருங்கள், வீட்டில் காட்டுங்கள். நீளம் அதிகம் என்றால் இப்போதே சொல்லிவிடலாம்.

வெட்டும் நாளில் அந்த மாக்-அப்பைக் கழற்றாமல், அதன் மேலேயே 0.5 மி.மீ. ஆழத்துக்கு மேல் போக முடியாத பர்ரால் (சுழன்று ராவும் கருவி முனை) கோடு போடுவோம். கோட்டின் அடியில் பென்சிலால் குறித்துவிட்டு மாக்-அப்பைக் கழற்றினால் கணக்கு கண்ணுக்கே தெரியும். மாக்-அப் 0.4 மி.மீ. கனமாக இருந்த இடத்தில் உங்கள் பல்லில் 0.1 மட்டும் கோடு விழுந்திருக்கும். அரை மில்லி இருந்த இடத்தில் பர் பல்லைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. பென்சில் கோடு மறையும் வரை மட்டும் ராவினால் போதும்.

மாக்-அப் இல்லாமல் நேராகப் பல்லில் கோடு போட்டால் என்ன ஆகும்? ஏற்கனவே தேய்ந்து அரை மில்லி இழந்த பல்லில் இன்னொரு அரை மில்லி போகும். அதே ராவல், அதே பர், ஆனால் பல்லுக்கு இரட்டை நஷ்டம். எந்த மருத்துவரிடம் போனாலும் "மாக்-அப் மேல வெட்டுவீங்களா, பல் மேல வெட்டுவீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். இதைக் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

ஊசி போட்டுத்தான் ராவுவீங்களா? அப்புறம் கூசுமா?

எனாமலில் நரம்பு கிடையாது. எனாமலுக்குள்ளேயே நிற்கும் வேலையில் பலருக்கு ஊசி தேவைப்படுவதில்லை, பயம் அல்லது ஈறோர வேலை இருந்தால் போட்டுக்கொள்ளலாம். வெனீர் ஒட்டும்வரை லேசாகக் கூசினால் அது இயல்புதான். காற்று பட்டாலே சுண்டி இழுக்கிறது என்றால் டென்டின் திறந்திருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்க ஊர் தண்ணியில பல்லு பழுப்பாயிடுச்சு. வெனீர்தான் வழியா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்பது இது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அங்கே வந்தது. கறை எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து வழி மாறும். லேசான வெள்ளைத் திட்டுகள், மேலோட்டமான பழுப்பு என்றால் மேற்பரப்பை அமிலப் பசையால் மிக மெல்லிசாகத் தேய்ப்பது, ப்ளீச்சிங், பிசினை உள்ளே இறக்குவது போன்றவற்றிலேயே நல்ல மாற்றம் வரும். முதலில் அவற்றை முயன்று பார்க்க வேண்டும். குழி விழுந்து, பெயர்ந்துபோன எனாமலுக்குத்தான் வெனீர்.

அப்படிப் போடும்போது ஒரு விஷயம் முக்கியம். ஃபுளோரைடு ஏறிய எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு அவ்வளவு சீக்கிரம் இளகாது. அங்கே "தொடாமல் ஒட்டுகிறேன்" என்றால் ஒட்டு பலவீனமாக இருக்கும். மேல்பரப்பை லேசாகச் சீவிவிட்டு, அமிலத்தைச் சற்றுக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். எப்போதும் பூஜ்யம்தான் நல்லது என்று நான் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரூட் கெனால் பண்ணின ஒரு பல் மட்டும் கருத்துப்போச்சு. அதை மறைக்க ஆழமா வெட்டணுமாமே?

வெட்டி மறைப்பதைவிட முதலில் வெளுக்கச் செய்வது நல்லது. ரூட் கெனால் செய்த பல்லில் உள்ளேயே மருந்து வைத்து ப்ளீச் செய்யலாம். நிறத்தை ஒரு படி மாற்ற ஏறக்குறைய 0.2 முதல் 0.3 மி.மீ. பீங்கான் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு பொதுக் கணக்கு. மூன்று படி மாற வேண்டும் என்றால் எவ்வளவு போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம், ஈறோரத்தில் எனாமல் மிஞ்சாது. ப்ளீச் செய்து இரண்டு படி ஏற்றிவிட்டால் அவ்வளவு எனாமல் மிச்சம்.

ப்ளீச்சிங் முடிந்த உடனே வெனீர் ஒட்டக்கூடாது. பல்லில் தங்கும் ஆக்சிஜன் பிசின் இறுகுவதைக் கெடுக்கும், நிறமும் நிலைப்பட வேண்டும். சுமார் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

பல்லு கோணலா இருக்கு. கிளிப் போட டைம் இல்லை, வெனீர்லயே நேராக்கிடுங்களேன்?

முடியும், ஆனால் அதற்கான விலையைப் பல் கொடுக்கும். துருத்திய பகுதியை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவர ஒரு மி.மீ.க்கு மேல் வெட்ட நேர்ந்தால் அது டென்டினுக்குள்தான் போகும், சில சமயம் நரம்பையே தொந்தரவு செய்து ரூட் கெனாலில் கொண்டுபோய் விடும். கல்யாணம் ரெண்டு மாசத்தில் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கிளிப் அல்லது அலைனர் போட்டு ஓரளவு நேராக்கிவிட்டால், பிறகு வெனீர் வேண்டாம் என்றே பலர் சொல்லிவிடுகிறார்கள், வேண்டுமென்றாலும் மிகக் குறைவாக ராவினால் போதும். அவசரம் என்றால் பல்லைத் தொடாமல் காம்போசிட் என்ற பல் நிறப் பிசினைச் சேர்த்துத் தற்காலிகமாகச் சரிசெய்யலாம்.

வீடியோல பார்த்தேன், பல்லைக் கூரா முளை மாதிரி செதுக்கிட்டு வெனீர்னு சொல்றாங்களே?

அது வெனீர் இல்லை, கிரவுன். பிரிட்டனிலிருந்து இளைஞர்கள் துருக்கி போய் வாய் முழுக்க இப்படிச் செய்துகொண்டு வந்ததால் "டர்க்கி டீத்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது, பிரிட்டன் பல் மருத்துவர் சங்கமும் எச்சரித்தது. ஊர் மேல் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மேலே சொன்ன எனாமல் ஆய்வைச் செய்த குரேலும் அதே நாட்டுக்காரர்தான், மாக்-அப் மேல் வெட்டும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். நம்மூரிலும் சொத்தையில்லாத இருபது பல்லை இரண்டே நாளில் வெட்டித் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. வெனீர் என்று சொன்னால், பல்லின் பின்பக்கத்தையும் வெட்டுவீர்களா என்று கேளுங்கள். "ஆமாம், சுத்தி வெட்டுவோம்" என்றால் அவர்கள் பேசுவது கேப்.

பிடிக்கலைன்னா பின்னாடி கழட்டிக்கலாம்ல?

துளியும் ராவாமல் ஒட்டியதைக்கூட அப்படியே பிய்த்து எடுக்க முடியாது. பெரும்பாலும் பர்ரால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், பீங்கான் எங்கே முடிகிறது பல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் கொஞ்சம் எனாமலும் போகும். எர்பியம் லேசரால் பசையை இளக்கிக் கழற்றும் வசதி சில இடங்களில் இருக்கிறது, அது பல்லுக்கு நல்லது. ராவிய பல் என்றால் வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு உறை அதற்கு வேண்டும்.

எத்தனை வருஷம் வரும்?

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் செய்த ஆய்வொன்றில் பத்தாண்டில் சுமார் 93 சதவீதமும், இருபதாண்டில் சுமார் 83 சதவீதமும் தாக்குப்பிடித்ததாக 2012இல் எழுதினார்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குத் தோல்வி கூடுதலாக இருந்தது. அவர்கள் இரவில் நைட் கார்டு (பல்லுக்கு மேல் மாட்டும் காப்புத் தகடு) போட்டே ஆக வேண்டும். முப்பது வயதில் போட்டால் ஆயுளில் ஒருமுறையாவது மாற்ற நேரும், அந்த இரண்டாவது முறைக்கும் எனாமல் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா?

சார், நுனியைக் குறைக்கணுமா வேண்டாமா? காலேஜ்ல நாலு விதம் சொல்லிக் கொடுத்தாங்க.

இனி வருபவை பயிற்சி மருத்துவர்களின் கேள்விகள். நுனியைத் தொடாமல் முன்பக்கம் மட்டும், நுனிவரை மெல்லிசாக, நுனியை நேராகக் குறைத்து, நுனியைக் குறைத்துப் பின்பக்கம் மடக்கி என நாலு விதம். நீளம் கூட்ட வேண்டியிருந்தால் நுனியை நேராகத் தட்டையாக்கினால் போதும். லேப்காரருக்கு நுனியில் ஒளி ஊடுருவும் பீங்கானைக் கட்ட இடம் கிடைக்கும், வெனீரை உட்காரவைக்கவும் சுலபம். பின்பக்கம் ஆழமாக மடக்குவது கூடுதலாக வெட்டுவது மட்டுமல்ல, கடிக்கும்போது இழுவிசை சேரும் பள்ளத்தில் பீங்கானின் மெல்லிய ஓரத்தைக் கொண்டுபோய் வைப்பதும்கூட. பல் ஏற்கனவே குட்டையாக இருந்தால் மாக்-அப்பே தேவையான உயரத்தைக் கொடுத்துவிடும், நுனியில் கூர்மையை மழுக்கினாலே போதும்.

பல்லிடுக்கை உடைக்கணுமா?

பற்கள் தொடும் இடத்தை முடிந்தவரை விட்டுவிடுங்கள், ஓரத்தை அதற்குச் சற்று முன்னால் நிழலில் மறைத்து முடித்தால் போதும். இடைவெளியை மூடவோ, பழைய ஃபில்லிங்கை உள்ளடக்கவோ, அகலத்தை மாற்றவோ வேண்டும் என்றால் உள்ளே போக வேண்டியிருக்கும். ஈறுப்பக்கம் ஓரம் ஈறுக்கு மேலேயே நிற்கட்டும். அங்கே எனாமலும் இருக்கும், ஒட்டும்போது உலர்வாக வைக்கவும் முடியும்.

எந்த பர் எடுக்கறது? பச்சை வளையமா சிவப்பா?

எனாமலில் அரை மில்லிக்கும் குறைவான வேலைக்குப் பச்சை வளையம் போட்ட சொரசொரப்பான வைர பர் வேண்டாம். ஆழக்கோடு போட்ட பிறகு நீலத்தில் ஆரம்பித்து சிவப்பில் முடியுங்கள். உருண்ட முனையுள்ள பர், நிறையத் தண்ணீர், லூப்ஸ் (பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி). பல்லின் முன்பக்கம் பக்கவாட்டில் பார்த்தால் வளைவாக இருக்கும், பர்ரை ஒரே கோணத்தில் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் நடுவில் ஆழமாகிவிடும். மூன்று பகுதிக்கு மூன்று கோணம். முடித்த பிறகு குறுக்கே வெட்டிய சிலிகோன் அச்சை வைத்து இடைவெளியைப் பாருங்கள், கண் மதிப்பை நம்ப வேண்டாம்.

லித்தியம் டைசிலிகேட்டா, ஃபெல்ட்ஸ்பாதிக்கா, இல்ல சிர்கோனியாவா?

மூன்றும் வெனீர் செய்யும் பொருள் வகைகள். ஃபெல்ட்ஸ்பாதிக் பீங்கான் அழகில் மேலானது, 0.3 மி.மீ.யிலும் கட்டலாம், தனியாகக் கையில் இருக்கும்போது சட்டென்று உடையும், எனாமலில் ஒட்டியதும் நன்றாகத் தாங்கும். லித்தியம் டைசிலிகேட் பல மடங்கு வலுவானது, அழுத்தி வார்த்தால் 0.3 வரை வரும், நுனி நீளம் கூட்ட நான் அதையே எடுப்பேன். இரண்டையும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அரிக்கும், பிறகு பீங்கானையும் பிசினையும் பிணைக்கும் சைலேன் தடவி ஒட்டலாம். சிர்கோனியாவை அந்த அமிலம் அரிக்காது. பிடிமானத்துக்குச் சுவர் இல்லாத, ஒட்டை மட்டுமே நம்பியிருக்கும் மெல்லிய வெனீருக்கு அது என் தேர்வு அல்ல.

எவ்வளவு கவனமா இருந்தும் ஈறோரத்துல டென்டின் தெரிஞ்சிடுச்சு. என்ன பண்றது?

சிறிய இடம், சுற்றிலும் எனாமல் ஓரம் இருந்தால் பெரிய ஆபத்தில்லை, மேலே சொன்ன 94 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அளவு எடுப்பதற்கு முன்பே, அப்போதுதான் வெட்டிய சுத்தமான டென்டின் மேல் ஒட்டுப் பிசினைத் தடவி ஒளியால் இறுக்கி மூடிவிடுங்கள். மேலே கிளிசரின் ஜெல் வைத்து இன்னொரு முறை ஒளி காட்டினால் மேற்பரப்பும் இறுகும், அளவெடுக்கும் பொருளும் ஒட்டிக்கொள்ளாது. கூச்சமும் குறையும், ஒட்டும் நாளில் பிடிப்பும் நன்றாக இருக்கும். எனாமல் ஓரத்தில் வழிந்த பிசினை மட்டும் மெல்லிய பர்ரால் சுத்தம் செய்துவிட வேண்டும்.

வேற இடத்துல ஏற்கனவே ஆழமா ராவி வெனீர் போட்டிருக்காங்க, அடிக்கடி கழண்டு வருது. இப்ப என்ன செய்யலாம்?

இது நோயாளிகளும் கேட்பது, அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கழன்று வந்த வெனீரைத் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். பசை அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கிறதா, பல்லில் தங்கியிருக்கிறதா என்பதிலேயே தவறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பல்லில் பசை இருந்து வெனீர் வெறுமையாக வந்தால் பீங்கானைத் தயார்செய்ததில் குறை, உடையாத வெனீரைச் சுத்தம் செய்து மறுபடி அமிலம், சைலேன் போட்டு ஒட்டிப் பார்க்கலாம். பசை முழுக்க வெனீரோடு வந்து, பல்லில் மஞ்சளாக டென்டின் தெரிந்தால் எனாமல் மிச்சமில்லை என்று அர்த்தம். ஒட்டும்போது ஈரமோ ரத்தமோ பட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

அந்த நிலையிலும் உடனே கேப்புக்குத் தாவ வேண்டாம். ஓரத்தில் எங்காவது எனாமல் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து, டென்டினைப் புதிதாக மூடி, எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் கட்டி மறுபடி ஒட்டலாம். கடி எங்கே இடிக்கிறது என்று தாள் வைத்துப் பார்க்க வேண்டும். எனாமல் ஓரம் எங்குமே இல்லாமல், பல்லும் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தால் அப்போது கிரவுன் பற்றிப் பேசலாம். பழைய எக்ஸ்ரே, ராவுவதற்கு முன் எடுத்த போட்டோ, மாதிரி அச்சு எதுவாக இருந்தாலும் முதலில் வேலை செய்த கிளினிக்கிலிருந்து கேட்டு வாங்கி வாருங்கள், அது இருந்தால் அடுத்த மருத்துவர் ஊகத்தில் வெட்ட வேண்டியிருக்காது.